தொலைமருத்துவம் நம் ஊருக்கு வந்த வழி

வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 1982-இல் பாத்திர வியாபாரத்துக்காக மும்பைக்கு வந்தவன் நான். வருஷத்துக்கு ஒரு முறை பொங்கலுக்கு ஊருக்குப் போவது வழக்கம். 1988-இல் போனபோது அம்மா வாசல் கோலத்தைக் கோணலாகப் போட்டிருந்தார்கள். "கண்ணுல புரைப்பா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே, முத்தட்டும், எடுத்துக்கலாம்" என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். அடுத்த வருஷம் வேலூருக்கு அழைத்துப் போனபோதுதான் அது புரை அல்ல, கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். முந்தின வருஷமே விவரம் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தால், இருந்த பார்வையையாவது காப்பாற்றியிருக்கலாம்.

அந்த உறுத்தல்தான், டாக்டர் இல்லாத ஊருக்குத் தூரத்திலிருந்தே வைத்தியம் அனுப்பும் தொலைமருத்துவத்தைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது. கடையை அடைத்துவிட்டு இரவில் படித்தவற்றுள், வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவற்றை ஈண்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இரண்டு பஞ்சங்கள்

விடுதலைக்கு முன்பே, சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் 1943-இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1946-இல் அறிக்கை தந்தது. நாட்டில் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒரு டாக்டர் என்றும், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்றும் அது கணக்குச் சொன்னது. இருந்த டாக்டர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் இருந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்று நாம் இன்று சொல்வதற்கு வித்திட்டது இந்த அறிக்கைதான். டாக்டர் பஞ்சத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அதைவிடப் பெரிய நர்ஸ் பஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது. இந்த இரண்டாவது கணக்கை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வானத்தின் வழியே

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டி.வி. நிகழ்ச்சிகளை அனுப்பிப் பார்த்தது இந்தியா. விவசாயத்தோடு சுகாதாரமும் அதில் பேசப்பட்டது. ஆனால் அது ஒருவழிப் பாதை. டி.வி. பேசும், கிராமம் கேட்கும்; கிராமம் தன் வலியைத் திருப்பிச் சொல்ல வழியில்லை.

இருவழிப் பாதைக்கு மேலும் 24 வருஷம் ஆயிற்று. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்து அரகொண்டா, அப்போலோ மருத்துவமனையை நிறுவிய டாக்டர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். அங்கே செயற்கைக்கோள் இணைப்போடு அமைந்த தொலைமருத்துவ ஏற்பாட்டை 24 மார்ச் 2000 அன்று, இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கி வைத்தார். 2001 முதல் இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களை இதற்கென்றே பயன்படுத்தத் தொடங்கியது. கர்நாடகத்துச் சாமராஜநகர் பெங்களூருடனும், அந்தமானின் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னையுடனும் இணைந்தன. காலப்போக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இந்த வலையில் சேர்ந்தன.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்ததா என்றால், இல்லை. பல மையங்களில் கருவிகள் சும்மா கிடந்தன. கற்றுக்கொண்ட ஆள் மாற்றலாகிப் போவார். பழுது பார்க்க ஆள் வராது. இந்தப் பக்கம் நோயாளி காத்திருந்தால் அந்தப் பக்கம் டாக்டருக்கு நேரம் இருக்காது. வியாபாரி பாஷையில் சொல்லப்போனால், மொத்தக் கடையில் சரக்கு இருக்கிறது, லாரியும் தயார். ஊரில் இறக்கி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

தேனியில் கிடைத்த பாடம்

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இதை வேறு விதமாகச் செய்தது. 2004-ஐ ஒட்டித் தேனி வட்டாரத்துச் சிற்றூர்களில் சிறிய பார்வை மையங்களைத் திறந்தார்கள். அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் துணையோடு, செலவு குறைந்த வயர்லெஸ் இணைப்பால் அவற்றைத் தேனி மருத்துவமனையோடு சேர்த்தார்கள். அதைவிட முக்கியம், மையத்தில் உட்கார்ந்திருப்பவர். பெரும்பாலும் கிராமத்துப் பெண்பிள்ளைகளையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண் கண்ணைச் சோதித்து, அழுத்தத்தை அளந்து, படம் எடுத்து வைப்பாள். அதன் பிறகு திரை வழியே டாக்டர் பேசுவார். தேவைப்பட்டவரை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். இன்று அவர்களுடைய பார்வை மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கோலம்தான் கண்முன் வந்தது.

2020-க்குப் பிறகு

போனில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா என்பது வெகு காலம் தெளிவாக இல்லை. 2018-இல் நம் மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்குக்குப் பின் டாக்டர்களுக்குத் தயக்கம் இன்னும் கூடியது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 25 மார்ச் 2020 அன்று, தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளிவந்தன. எந்த மருந்தைத் தூரத்திலிருந்து எழுதலாம், எதைக் கூடாது என்று அவை வகுத்துச் சொன்னதோடு, நோயாளியின் பக்கத்தில் இருந்து உதவும் சுகாதாரப் பணியாளருக்கும் இடம் கொடுத்தன.

2019 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் இ-சஞ்சீவனி, 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அதில் வீட்டிலிருந்து நேராகக் கூப்பிட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். சுகாதார மையத்துக்கு நடந்து வந்து, அங்கிருக்கும் பணியாளரின் துணையோடு டாக்டரிடம் பேசியவர்களே மிகப் பலர். தமிழ்நாட்டில் 5 ஆகஸ்டு 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளை வீடு தேடிக் கொண்டு போவது ஒரு பெண் தன்னார்வலர்தான். 1946-இல் யாரும் பெரிதாகப் பேசாத அந்த இரண்டாவது பஞ்சம் தீர்ந்த இடத்தில்தான் தொலைமருத்துவம் நிலைத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

நம்மில் பலருடைய பெற்றோர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். கேட்டால் அவர்களும் "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அங்கே சுகாதார மையத்தில் இருக்கும் நர்ஸம்மா யார் என்று விசாரியுங்கள். நேரில் போய் அறிமுகம் செய்துகொண்டு வாருங்கள். அழுத்தமும் சர்க்கரையும் அளந்து குறித்த சீட்டு கையில் இருந்தால், தூரத்து டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மனம் சோர்ந்து கிடப்பவர்களுக்கு 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

எங்கள் சமண மரபில் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று தானங்கள் நான்கு. மருந்து தானம் என்றால் மருந்து வாங்கக் காசு கொடுப்பது என்றே நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஊர்க்கோடியில் இருக்கும் ஒருவருக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆளுக்குத் துணை நிற்பதும் அந்தத் தானத்தில் அடக்கம் என்பது இப்போதைய என் எண்ணம். நம் சங்கத்து இளைஞர்கள் ஆளுக்கு ஓர் ஊரையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.