ஒரு சைக்கிள் ஓட எத்தனை பேர் வேண்டும்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு ஜூலையிலும் பிரான்ஸில் டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டி நடக்கிறது. மூன்று கிழமைகள், 21 கட்டங்கள், மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல். இப்போது எங்கள் பிள்ளைகளும் தொலைபேசியில் அதைப் பார்க்கிறார்கள். "சேர், அந்தச் சைக்கிள் என்ன விலை?" என்பதுதான் முதற்கேள்வி. விலையைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் வரலாறு படிப்பிக்கிறவனுக்கு வேறொரு கேள்விதான் முக்கியம். அந்தச் சைக்கிள் ஓடுவதற்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

போட்டியின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1903இல் இதைத் தொடங்கியது ஒரு விளையாட்டுச் சங்கம் அல்ல, 'லோட்டோ' என்ற பத்திரிகை. ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்ச். அந்தப் பத்திரிகைக்குப் பணம் போட்டவர்களில் மோட்டார் வாகனம் செய்த டி டியோன், சைக்கிள் செய்த கிளெமென்ற், ரயர் செய்த மிஷெலின் ஆகியோர் இருந்தார்கள். பத்திரிகை விற்க வேண்டும், அதன் பின்னால் சைக்கிளும் ரயரும் விற்க வேண்டும். அதற்காகத்தான் 60 பேர் 2,428 கிலோமீற்றர் ஓடினார்கள். 21 பேர் மட்டுமே முடித்தார்கள். முதல் வெற்றியாளர் மொறிஸ் கரான், ஒரு காலத்தில் புகைபோக்கி துப்புரவு செய்தவர். முன்னணியில் நிற்பவருக்கு இன்று அணிவிக்கும் மஞ்சள் மேலாடை 1919இல் வந்தது. லோட்டோ அச்சான தாளின் நிறம் மஞ்சள்.

டெக்ராஞ்சுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வீரன் தனியாகவே வெல்ல வேண்டும், யாரும் உதவக்கூடாது. ரயர் வெடித்தால் தானே மாற்ற வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் ஓட்டுநர்கள் தோளைச் சுற்றி மேலதிக ரயர்களை மாலைபோல் போட்டிருக்கிறார்கள்.

இந்த விதி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1913ஆம் ஆண்டு சாட்சி. எயுஜென் கிறிஸ்தோஃப் என்ற வீரர், வெல்லக்கூடிய நிலையில், பிரனீஸ் மலைத்தொடரின் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சைக்கிளின் முன் போர்க் உடைந்தது. அதைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, செயின்ற் மரி டி கம்பான் என்ற கிராமத்தின் கொல்லன் பட்டறைக்கு வந்தார். கொல்லர் வேலையைத் தொடக்கூடாது, வாயால் மட்டும் சொல்லலாம். அதைக் கண்காணிக்கப் போட்டி அதிகாரிகள் பக்கத்திலேயே நின்றார்கள். கிறிஸ்தோஃப் தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து ஒட்டினார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் பட்டறையில் நின்ற ஒரு சிறுவன் துருத்தியை ஊதிக்கொடுத்தான். அதற்காக அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை! பிறகு மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். மணித்தியாலக் கணக்கில் பின்தங்கிவிட்டவருக்கு அது பத்தாக இருந்தால் என்ன, மூன்றாக இருந்தால் என்ன? அவர் ஒருபோதும் அந்தப் போட்டியை வெல்லவில்லை.

கியர் விடயத்திலும் அதே பிடிவாதம். சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி அப்போதே இருந்தது. ஆனால் 1937 வரை டூர் டி பிரான்ஸில் அது தடை. மலை அடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் பூட்டினால்தான் மலையேறும் பல் கிடைக்கும். இத்தாலியில் துல்லியோ கம்பஞோலோ என்பவர் 1927இல் குளிரில் விரல் விறைத்து, சில்லின் நட்டைக் கழற்ற முடியாமல் ஒரு போட்டியை இழந்தார் என்றும், அந்த ஆத்திரத்தில்தான் ஒரு நெம்பில் சில்லைக் கழற்றும் பூட்டைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்தப் பூட்டு 1930களிலிருந்து சைக்கிள் உலகத்தையே மாற்றியது.

'தனியாக வெல்வது' என்ற எண்ணம் மெல்ல மெல்ல உடைந்தது. 1930இல் போட்டி தேசிய அணிகளுக்கு மாறியது. 1934இல் ரெனே வியெத்தோ என்ற இருபது வயது இளைஞர், விழுந்துபோன தன் அணித்தலைவர் மாஞ்ஞுக்குத் தன் முன்சில்லையே கழற்றிக் கொடுத்தார். அடுத்த நாளும் சிக்கல் வர, முன்னே போனவர் திரும்பி மலையேறி வந்து தன் சைக்கிளைக் கொடுத்தார். மாஞ் வென்றார். சில்லில்லாத சைக்கிளோடு மதிலில் குந்தியிருந்து அழும் வியெத்தோவின் படம்தான் வென்றவரின் படத்தைவிடப் பிரபலமானது.

இன்று ஒவ்வொரு அணிக்குப் பின்னாலும் கார் போகிறது, கூரையில் மேலதிகச் சைக்கிள்கள். இரவில் வீரர்கள் தூங்கும்போது திருத்துநர்கள் ஹோட்டல் முற்றத்தில் ஒவ்வொரு சைக்கிளையும் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, கம்பி கம்பியாகப் பார்க்கிறார்கள். ஒட்டும் ரயர்களை வாங்கியவுடன் பூட்டாமல், குளிர்ந்த இருட்டறையில் நீண்ட காலம் வைத்து முற்றவிட்ட திருத்துநர்கள் முன்பு இருந்தார்கள். 1973இல் மவிக் நிறுவனத்தின் மஞ்சள் கார்கள் பரிஸ்–நீஸ் போட்டியில் இறங்கின. எந்த அணியின் மேலாடை என்று பாராமல், யாருக்குச் சில்லு வேண்டுமோ அவருக்குக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. துருத்தி ஊதியதற்குத் தண்டித்த விளையாட்டு அறுபது ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் அது.

இனி ரயருக்கு வருவோம். அங்கேதான் கதை நம் வாசலுக்கு வருகிறது.

1888இல் பெல்ஃபாஸ்ற் நகரின் மிருக வைத்தியர் ஜோன் டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே வில்லி ஹியூம் என்பவர் அந்த ரயரோடு ஓடிப் போட்டிகளை வென்றார். 1891இல் பரிஸிலிருந்து பிறெஸ்ற் போய்த் திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் போட்டியை மிஷெலினின் கழற்றக்கூடிய ரயரோடு ஷார்ல் தெரோன் மூன்று நாட்களுக்குள் ஓடி வென்றார். உலகம் முழுவதும் சைக்கிள் மோகம் பிடித்தது. ரயருக்கு றப்பர் வேண்டும். எங்கிருந்து?

அன்று அமேசன் காட்டிலிருந்தும் கொங்கோவிலிருந்தும். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லெயோபோல்ட்டின் சொந்த உடைமையாக இருந்த கொங்கோவில், குறித்த அளவு றப்பர் கொண்டுவராத கிராமங்கள் எரிக்கப்பட்டன. மனிதர்களின் கைகள் வெட்டப்பட்டன. உலகத்தின் கண்டனத்துக்குப் பிறகு, 1908இல்தான் மன்னரின் பிடி விட்டது. ஐரோப்பாவின் வீதிகளில் சைக்கிள்கள் மெத்தென்று ஓடிய அதே ஆண்டுகள்தான் இவை.

இன்னொரு வழி இலங்கையில் முளைத்துக்கொண்டிருந்தது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவற்றிலிருந்து, 1876இல் லண்டன் கியூ பூங்கா ஏறத்தாழ 1,900 நாற்றுக்களை இலங்கைக்கு அனுப்பியது. அவை கம்பஹாவின் ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கமெல்லாம் றப்பர் தோட்டங்களாயின. முதலாம் உலகப் போர் தொடங்கும் காலத்தில் ஆசியத் தோட்டங்களின் றப்பர் காட்டு றப்பரை முந்திவிட்டது.

அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களும் அயல் கிராமங்களின் சிங்களத் தொழிலாளர்களும். விடியுமுன் எழும்பி, பட்டையைச் சரிவாகச் சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்க்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். மரத்தை ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலாக வெட்டினால் பால் வராது. பந்தயத் திருத்துநரின் கைக்கு எவ்வளவு நுட்பமோ அவ்வளவு நுட்பம் பால்வெட்டுக்காரியின் கைக்கும் வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலும் தெற்கிலும் இருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஐரோப்பாவின் சைக்கிள் வரலாறு அந்தப் பிள்ளைகளுக்கு அந்நியமான வரலாறு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

வன்னிக்கும் ஒரு சைக்கிள் வரலாறு உண்டு. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் எரிபொருளுக்குக் கடும் கட்டுப்பாடு. இந்த மண்ணை அப்போது ஓட வைத்தது றலியும் லுமாலாவும்தான். நெல்மூடை, விறகு, மீன்பெட்டி, நோயாளி, பரீட்சைக்குப் போகும் பிள்ளை, எல்லாம் சைக்கிளில். மின்சாரமில்லாத வீட்டில் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் றேடியோ பேசியது. பழைய ரியூப்பை வெட்டி ஒட்டுத் துண்டாக்கி, போல்ஸைக் கழுவித் திரும்பப் போட்டு, வளைந்த றிம்மைக் கம்பி முறுக்கி நேராக்கியவர்கள் சந்திக்குச் சந்தி இருந்தார்கள். மவிக் காரைப் போலவே அவர்களும், வந்தவர் யார் என்று கேட்டதில்லை. காற்றுப் போனதா, கம்பி முறிந்ததா என்றுதான் கேட்டார்கள்.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். விட்டுவந்தவற்றை எங்கள் மூத்தவர்கள் சொல்லும்போது வீடு, வயல், கடை, மாடு என்று வந்து சைக்கிளில் நிற்பார்கள். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு நடந்த சனம் சைக்கிளில் மூட்டை கட்டி உருட்டிக்கொண்டு வந்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில், உருட்டிப் போக இனி வழியில்லை என்ற இடத்தில், சைக்கிள்கள் குவியலாகக் கிடந்தன. அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமையாளர் இருந்தார். மூன்று இடப்பெயர்வும் மூன்று சமூகக் கதைகளாகத் தனித்தனியே சொல்லப்படுகின்றன. சைக்கிளின் பக்கத்தில் நின்று பார்த்தால் அவை ஒரே வீதியில் நடந்தவை.

2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது நாடு முழுவதும் சைக்கிளைத் தேடியது. மூலையில் கிடந்தவை தூசு தட்டப்பட்டன. திருத்துகிறவர்களைத் தேடினால் பலர் கடையை மூடிவிட்டார்கள், சிலர் மௌத்தாகிவிட்டார்கள். நமக்குத் தேவைப்படும்போது மட்டும் நினைவுக்கு வரும் மனிதர்கள் அவர்கள்.

தூர்மலே மலையடிவாரத்துப் பட்டறையில் இன்று நினைவுப்பலகை இருக்கிறது. கிறிஸ்தோஃப் என்ற பெயரை உலகம் வைத்திருக்கிறது. கொங்கோவில் றப்பர் சேர்த்தவரின் பெயரையோ, களுத்துறையில் பால் வெட்டியவரின் பெயரையோ, எங்கள் சந்தியில் ஒட்டுப் போட்டவரின் பெயரையோ யாரும் எழுதி வைக்கவில்லை. முதல் இரண்டையும் மீட்பது பெரிய ஆய்வாளர்களின் வேலை. மூன்றாவது நம் கையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தத் தவணையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு மூத்தவரிடம் கேளுங்கள்: யுத்த காலத்தில் உங்கள் சைக்கிளைத் திருத்தியவர் யார், எந்த ஊர், எதைக் கொண்டு திருத்தினார்? ஒரு பக்கம் எழுதினால் போதும். உங்களுக்கும் அதே கேள்விதான். தமிழர், முஸ்லிம், மலையகத்திலிருந்து வந்தவர், யாராக இருந்தாலும் அவர் செய்த வேலையைக் கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொப்பியாக்கிப் பாடசாலை நூலகத்தில் வைப்போம்.