கதிரும் காவலும்

சோதனை என்ற சொல்லின் பொருளை அறிய யாழ்ப்பாணத்தவராகிய நாம் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியும் மண்ணெண்ணெயும் உரமும் தடைப்பட்ட பண்டங்களாயின. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது முகமாலையில் இறங்கி, பையைத் திறந்து காட்டி நடந்தோம். தேடப்பட்டது பொருள் என்றார்கள். கூனிக் குறுகியவனோ மனிதன். இந்த நினைவோடுதான், பொது இடங்களில் மறைந்து கிடக்கும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களைத் தேடும் முயற்சியின் வரலாற்றை நாம் நோக்குகின்றோம்.

இவ்வரலாற்றில் நம் தீவுக்கும் ஒரு பங்குண்டு. ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிய ஆய்வுப் பணிப்பாளராயிருந்த காலத்தில், 1904 இல், தோரியனைற்று என்னும் கனியம் இங்கே கண்டறியப்பட்டது. இலண்டனில் பணியாற்றிய ஓட்டோ ஹான், 1905 இல், அந்த இலங்கைக் கனியத்திலிருந்தே ரேடியோதோரியத்தைப் பிரித்தறிந்தார். மண்ணுக்குள் மறைந்திருந்ததை அன்று காட்டிக் கொடுத்தது அதன் கதிரே.

காமாக் கதிர் துணியையும் மரப்பெட்டியையும் மெல்லிய தகட்டையும் ஊடுருவி வெளிவரும். எனவே பையைத் திறவாமலே உள்ளிருப்பதை உணரலாம். 1928 இல் கைகரும் முல்லரும் அமைத்த எண்ணி இத்துறையின் அடித்தளமாயிற்று. பின்னர், கதிர் பட்டவுடன் மின்னும் பொருள்களைக் கொண்ட பெருந்தூண்கள் வந்தன. 2001 செப்டெம்பர்த் தாக்குதலின் பின் அமெரிக்கா இத்தகைய தூண்களை உலகத் துறைமுகங்களில் நிறுவ முற்பட்டது. கொழும்பும் அவற்றுள் ஒன்று. எனினும் தடித்த ஈயம் கதிரை மறைத்துவிடும். மறுபுறம், கதிர்மருந்து ஏற்றிக்கொண்ட நோயாளி எக்குற்றமும் செய்யாமலே மணியை ஒலிக்கச் செய்வார். கருவி கதிரை அறியும், மனிதனை அறியாது.

இனி டில்லிக்குச் செல்வோம். டில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறையில், கனடாவிலிருந்து வாங்கப்பட்ட கோபாற்று-60 கதிர்ப்பொறி ஒன்று 1985 முதல் பயன்படாமல் கிடந்தது. 2010 பெப்ரவரியில் அது பழைய இரும்பாக ஏலம் போயிற்று. மாயாபுரிச் சந்தைத் தொழிலாளர் ஈயக் கவசத்தை உடைத்தனர். உள்ளே இருந்தது இன்னதென்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. ஏப்ரிலில் தோல் கறுத்து, மயிர் உதிர்ந்து அவர்கள் வைத்தியசாலைகளை அடைந்தனர். ஒருவர் உயிரிழந்தார். மருத்துவர்கள் ஐயுற்ற பின்னரே கருவிகள் அச்சந்தைக்குள் நுழைந்தன. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதே நகரில் பொதுநலவாய விளையாட்டு விழா நடைபெற்றபோது, கதிர்வீச்சுக் கண்காணிப்பு முன்கூட்டியே அமைந்துவிட்டது!

பிரேசிலின் கோயானியா நகரிலும் 1987 இல் இதுவே நிகழ்ந்தது. கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து எடுக்கப்பட்ட சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. அதன் நீல ஒளியைக் கண்டு மக்கள் வியந்தனர், உறவினருக்குப் பங்கிட்டனர். கடைக்காரரின் மனைவியே நோயின் காரணத்தை ஐயுற்று, அதைப் பையிலிட்டுப் பேருந்தில் கொண்டுசென்று சுகாதார அலுவலகத்தில் ஒப்படைத்தார். இரவல் கருவியோடு வந்த பௌதிகவியலாளர், முள் எல்லையைத் தொட்டதைக் கண்டு, கருவிதான் பழுது என்று கருதி வேறொன்று பெறத் திரும்பினார். ஒரு சிறுமி உட்பட நால்வர் மாண்டனர். இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாட்டரங்கில் பரிசோதிக்கப்பட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பயங்கரவாதி எவனும் இல்லை. இருந்தவை கவனமற்ற நிறுவனங்களும் வறுமையும் அறியாமையுமே. துறைமுகத்துச் சரக்குக்கும் விருந்தினர் அரங்குக்கும் காவல் நிற்கும் அறிவியல், இரும்பு பொறுக்குவோன் வாயிலுக்கு ஏன் பிந்தி வருகிறது?

நம் குடாநாட்டுக்கும் இக்கேள்வி உரியது. 2009 இல் போர் முடிந்தபின், வடக்கின் இடிபாடுகளிலிருந்து இரும்பு பொறுக்கி வயிறு வளர்த்தவர் எத்தனை பேர்! இலங்கையில் 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி ஒழுங்குபடுத்தலுக்கென ஒரு பேரவையை அமைத்தது. சட்டம் உயிர்பெற வேண்டுமாயின், ஒவ்வொரு கதிர்மூலத்துக்கும் பிறப்பும் முடிவும் பதிவாக வேண்டும். பழைய இரும்புக் கிடங்குகளுக்கும் கருவி வர வேண்டும். மூவிதழ் அபாயக் குறியைப் பாடசாலைப் பிள்ளையும் தொழிலாளியும் இனங்காண வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, நாளையே அக்குறியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். அதற்கு எந்த அரசின் அனுமதியும் வேண்டியதில்லை.