கூலியும் சக்காயும்: மானிடவியல் புகட்டும் பாடம்

மனிதன் மலையை அளந்தான், கடலை அளந்தான், விண்மீன்களின் தொலைவையும் அளந்தான். தன்னைத் தானே அளக்கப் புகுந்தபோதுதான் அவன் பெரிதும் தவறினான். அத்தவற்றின் வரலாறும், அதிலிருந்து அவன் சிறிது சிறிதாகத் திருந்திய வரலாறும் சேர்ந்ததே மானிடவியல் என்னும் துறை. தேயிலைத் தோட்டத்துக் கிராணி ஒருவனுக்கு இதனோடு என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். பகலிற் செக்ரோல் எழுதி, இரவிற் கல்லூரித் தொடக்கப் பாடமாக அதனைக் கற்றுவருபவன் நான். கேமரன் மலையிற் பிறந்து வளர்ந்தும் நான் காணாதிருந்த சிலவற்றை அப்பாடம் எனக்குக் காட்டிற்று. அவற்றைத் தோழர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்பாடு என்பது யாது? 1871-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எட்வர்டு டைலர் இக்கேள்விக்கு ஒரு விடை பகர்ந்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகிய அனைத்தும் பண்பாடே. மனிதன் ஒரு சமுதாயத்தின் உறுப்பினனாக இருந்து அவற்றைப் பெற்றுக்கொள்கிறான் என்பது அவர் கூற்றின் சாரம். பெற்றுக்கொள்கிறான் என்பதைக் கவனியுங்கள். பிறக்கும்போதே குருதியிற் கொண்டுவருகிறான் என்று அவர் கூறவில்லை. ஆனால் அதே டைலர், மக்களினங்களைக் காட்டுமிராண்டிநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை என மூன்று படிகளில் நிறுத்தினார். மேற்படியில் யார் நின்றனர் என்று கூறவும் வேண்டுமோ? படியைக் கட்டியவர்களே நின்றனர்!

இப்படிக்கட்டு நம் நாட்டில் வருணப் படிக்கட்டோடு சேர்ந்துகொண்டது. 1901-ஆம் ஆண்டு இந்தியக் குடிக்கணக்கின் தலைவராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தைக் கொண்டு சாதியின் உயர்வு தாழ்வை அறியலாம் என்று வாதித்தார். சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளவுகருவி கொண்டு அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அத்தொகுதிகளில் வழக்கங்களைப் பற்றிய செய்திகள் ஏராளம். இன்றும் பயன்படுவன பல. ஆயினும், சாதி என்பது மனிதர் செய்த ஏற்பாடு என்பதை மறைத்து, அதனை எலும்பிலும் குருத்தெலும்பிலும் தேடிய முயற்சி எத்துணைப் பெரிய தீங்கு! சாத்திரம் சொல்லிவந்ததை விஞ்ஞானத்தின் வாயாற் சொல்லவைத்த வேலையன்றோ அது?

இக்கொள்கைக்கு அடி கொடுத்தவர் பிரான்சு போவாஸ் என்னும் அறிஞர். ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யூதர் அவர். நியூயார்க்கில் வந்தேறியோர், அவர்தம் மக்கள் ஆகியோருள் ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, 1912-ல் முடிவை வெளியிட்டார். மாறாதது என்று எல்லோரும் நம்பியிருந்த தலையின் வடிவமே, புதிய நாட்டிற் பிறந்த குழந்தைகளிடம் ஓரளவு மாறியிருக்கக் கண்டார். கடல் கடந்து வந்தவரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன உண்டு? எலும்பே மாறுமாயின், எண்ணம் மாறாதோ?

அடுத்த மாற்றம் ஆராயும் முறையில் நேர்ந்தது. 1901, 1902-ஆம் ஆண்டுகளில் நீலகிரிக்குச் சென்ற ரிவர்ஸ், தோதவர்களிடம் வம்சாவளியைக் கேட்டு எழுதினார். யார் யாருக்கு என்ன முறை என்று வரைந்தால், ஒரு சமுதாயத்தின் சட்டமே அதில் தெரியும் என்று காட்டினார். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் துணைகொண்டே அவர் வினவினார். பின்னர் மலினோவ்ஸ்கி என்பவர், 1915-க்கும் 1918-க்கும் இடையில், பசிபிக் கடலின் திரோபிரியாந்துத் தீவுகளிற் கூடாரம் அடித்துத் தங்கினார். அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு வாழ்ந்தே அவர்களை அறிந்தார். நாற்காலியில் அமர்ந்து பிறரை எடைபோடும் காலம் அவரோடு மங்கலாயிற்று.

இனி நம் மலைக்கு வருவோம். 1885-ல் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டறிந்தார் என்று பள்ளியிற் படித்தோம். அவர் வருமுன்னரே தெற்கே செமாய் மக்களும் வடக்கே தெமியார் மக்களும் இக்காடுகளில் வாழ்ந்திருந்தனர். வீட்டுக்காரன் இருக்கையிலேயே வீட்டைக் கண்டுபிடித்த கதை இது! 1929-ல் போ தோட்டம் தொடங்கப்பட்டது. நம் முன்னோர் காட்டை வெட்டினர், கொழுந்து கொய்தனர். அவர்கள் வெட்டிய காடு யாருடைய காடு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தெமியார் மக்களோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதியவர் பேராக் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த பாட் நூன் என்னும் ஆங்கிலேயர். 1936-ல் வெளியான அவரது அறிக்கை, அம்மக்களின் நிலத்துக்குக் காப்பு வேண்டும் என்றது. 1939-ல் பேராக்கில் பூர்வகுடிகளுக்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. 1943-ல், போர்க்காலத்தில், அவர் காட்டிலேயே மறைந்தார். அவரோடு காட்டுக்குச் சென்றிருந்த கில்டன் ஸ்டுவர்ட் என்ற அமெரிக்கர், கனவுகளை ஆண்டு மனநோயை ஒழித்த மக்கள் இவர்கள் என்று 1951-ல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் அதை நம்பிக் கனவுப் பயிற்சிக் கூட்டங்களும் நடந்தன. 1985-ல் டோம்ஹாப் என்பவர் ஆராய்ந்து, அங்கு வருணிக்கப்பட்ட முறை அம்மக்களிடம் இல்லை எனக் காட்டினார். இழிவாகப் பேசுவது மட்டும் பொய்யன்று; இல்லாத புகழைச் சூட்டுவதும் பொய்யே. இரண்டிலும் எதிரே நிற்கும் மனிதன் கேட்கப்படுவதில்லை.

கேட்டு எழுதியவரும் உளர். ராபர்ட் டென்டன் 1960-களின் தொடக்கத்திற் செமாய் மக்களிடையே வாழ்ந்து, வன்முறையை வெறுக்கும் அவர்கள் வாழ்க்கையைப் பற்றி 1968-ல் நூல் வெளியிட்டார். அதே காலத்தில் ரவீந்திர ஜெயின் என்ற இந்தியர் மலாயாவின் ரப்பர்த் தோட்டமொன்றிற் தங்கி நம்மவரை ஆராய்ந்தார். அவர் நூல் 1970-ல் வெளிவந்தது. ஆம் தோழர்களே, நாமும் ஆராயப்பட்டோம்!

கல்லூரிப் பாடத்துக்காக ரிவர்ஸின் முறையைப் பின்பற்றி, எங்கள் லயத்து மூதாட்டி ஒருவரிடம் உறவுமுறை எழுதப் போனேன். பக்கத்து வீட்டுப் பெரியவரை அவர் "மாமா" என்றே குறித்தார். எப்படி மாமன் என்றேன்.

"எங்காத்தாவும் அவரும் ஒரே கங்காணி கூட்டியாந்த ஆளுங்க தம்பி. கப்பல்லயே அண்ணன் தங்கச்சின்னு ஆயிட்டாங்க. என் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டாந்தவரே அவர்தான்."

"அப்படியானால் அவர் மகன் உங்களுக்கு முறைமாப்பிள்ளை அல்லவா, பாட்டி?"

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "பொண்ணு கேட்டு வந்தாங்க. அவன் என்ன சாதி, நாம என்ன சாதின்னு எங்கப்பா அனுப்பிட்டாரு. சீர் வாங்கறப்ப அது தெரியல பாரு" என்றார்.

என் தாளில் அவ்விரு குடும்பங்களையும் கோடிட்டு இணைப்பதா, பிரிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. அன்பினால் ஆக்கிய உறவு முறையாகலாம், மணமாகலாகாது! எந்த மூக்களவு இதை விளக்கும்?

மற்றொரு நாள் ரிங்லெட் சாலையோரத்திற் பெத்தாயும் தேனும் விற்ற முதியவர் ஒருவரோடு மலாயில் உரையாடினேன். நாங்கள் லயத்திற் "சக்காய்" என்று வாய் கூசாமல் வழங்கிவந்த மக்களுள் ஒருவர். அடிமை என்னும் பொருள் நிழலாடும் அச்சொல்லை அம்மக்கள் வெறுக்கின்றனர் என்பதைப் புத்தகத்திற் படித்தபின்பே அறிந்திருந்தேன். உங்கள் மக்களின் பெயர் என்ன என்றேன். "செமாய்" என்றார். பின்னர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ கிளிங் தானே?" என்றார். என் முகம் சிவந்தது. "தமிழர்" என்று திருத்தினேன். "ஓ, தமிழர்" என்று அவர் அமைதியாகத் திருப்பிச் சொன்னார். அவர் ஒரு நொடியிற் கற்றுக்கொண்டதைக் கற்க எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். அதனை மனிதனுக்கே பெயராக்கி நம்மை இழித்தனர். அந்த வலி அறிந்த நாமே மற்றொருவனைச் சக்காய் என்றோம். இன்று கொழுந்து கொய்வோருள் வங்கதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் மிகுதி. நம் பாட்டன்மார் நின்ற பெரட்டுக்களத்தில் அவர்கள் நிற்கின்றனர். அவர்களை "பங்ளா" என்று ஒரே சொல்லால் ஏவுகின்ற குரல் யாருடையது? பல நேரங்களில் நம்முடையதே.

மானிடவியலின் தொடக்கப் பாடம் பெரிய சூத்திரம் எதுவுமன்று. ஒரு மனிதனைப் பற்றி முடிவு கட்டுமுன் அவன் தன்னை என்ன பெயரால் அழைக்கின்றான் என்று கேள் என்பதே அது. எங்கள் அலுவலகத்துச் செக்ரோலிற் புதிய தொழிலாளரின் பெயர்களை வாய்க்கு வந்தபடி குறுக்கி எழுதிவந்தவன் நான். இப்போது ஒவ்வொருவரையும் கேட்டு முழுப்பெயரையும் எழுதுகிறேன். பெரட்டு முடிய ஐந்து நிமிடம் கூடுதலாகிறது. ஆகட்டும்.