களஞ்சியமும் திறவுகோலும்

ஒரு சமுதாயம் தன் செல்வத்தை எங்கே சேமித்து வைக்கின்றது? அக்களஞ்சியத்தின் திறவுகோல் யார் கையில் இருக்கின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போமாயின், அச்சமுதாயத்தின் அதிகார உறவுகளைப் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம். நெல்லே செல்வமாயிருந்த காலத்தில் குதிரும் கோயிற் களஞ்சியமும் அதிகாரத்தின் இருப்பிடங்களாயின. கப்பல்கள் எண்ணெயால் இயங்கத் தொடங்கிய காலத்தில் இரும்புத் தாங்கிகள் அவ்விடத்தைப் பெற்றன. இன்று கணக்கும் பதிவேடும் கடிதப் போக்குவரத்தும் மின் வடிவம் பெற்றுத் தரவு என்னும் பெயருடன் சேமிக்கப்படுகின்றன. களஞ்சியத்தின் பொருள் மாறியுள்ளது. திறவுகோலைப் பற்றிய வினா மாறவில்லை.

ஒரு தொழில் நிறுவனமோ, கூட்டுறவுச் சங்கமோ, பாடசாலையோ தனது மென்பொருளையும் தரவையும் சொந்தக் கட்டடத்தில், சொந்தக் கணினியில் வைத்துக் காப்பதா? அன்றி, முகிற் கணிமை எனப்படும் வாடகைச் சேவையை நாடுவதா? இதனைத் தொழில்நுட்பவியலாளருக்கும் கணக்காளருக்கும் மட்டுமே உரிய பிரச்சினையாகக் கருதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழ்வோருக்கு இது புதிய வினாவன்று. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இதே வினாவை இரும்பு வடிவில் எழுப்பிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஒரு மயக்கத்தை அகற்றிக்கொள்ள வேண்டும். முகில் என்ற சொல் வானத்தையும் எல்லையின்மையையும் நினைவூட்டுகின்றது. உண்மையில் அங்கே வானமும் இல்லை, முகிலும் இல்லை. சிங்கப்பூரிலோ மும்பாயிலோ மதிலும் காவலும் கொண்ட கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றினுள் இயந்திரங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் குளிர்விக்க இடையறாத மின்சாரம் தேவைப்படுகின்றது. அவை மற்றொருவரின் கணினிகள். நாம் அவற்றின் ஒரு பகுதியை வாடகைக்குப் பெறுகின்றோம். அவ்வளவே. கவர்ச்சியான பெயருக்குப் பின்னால் உள்ள உடைமை உறவைக் காண்பதே வரலாற்று நோக்கின் முதற்படி.

இனித் துறைமுகத்தின் வரலாற்றுக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1622-இல் கோணேசர் கோயிலை இடித்து அங்கே கோட்டை எழுப்பினர். 1639-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782-ஆம் ஆண்டில் மட்டும் ஆங்கிலேயரிடமும், பின்னர் பிரெஞ்சுத் தளபதி சப்ரனிடமும் அது கைமாறியது. 1795-இல் மீண்டும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. இக்கைமாற்றங்களில் எதிலும் துறைமுகத்தில் வாழ்ந்த மீனவரையோ வணிகரையோ எவரும் கேட்டதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. நிலக்கரி பிரித்தானியாவிலேயே கிடைத்தது, எண்ணெய் கிடைக்கவில்லை. ஆகவே 1914-இல், சேர்ச்சில் கடற்படை அமைச்சராயிருந்தபோது, ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கொம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளைப் பிரித்தானிய அரசே வாங்கியது. தனியார் வணிகத்தின் புனிதத்தை உலகெங்கும் போதித்த அவ்வரசு, தன் உயிர்நாடி பிறர் கையில் இருத்தலாகாது என்று கண்டபோது உடைமையைத் தானே ஏற்றுக்கொண்டது. பேரரசுகள் பிறருக்குச் சொல்லும் அறிவுரை ஒன்று. தமக்கென வகுத்துக்கொள்ளும் நெறி வேறொன்று.

அந்நெறியின் விளைவாகவே, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவில் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளளவு உடையது. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று எரிந்து அழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆயினும் 1947 நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின் துணைகொண்டு கடற்படைத் தளம் பிரித்தானியர் கையிலேயே தங்கியது. கொடி நமதாயிற்று, களஞ்சியம் நமதாகவில்லை. 1957 ஒக்டோபரில், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் ஆட்சியிலேயே தளம் மீட்கப்பட்டது. 1961-இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டது. எஸ்ஸோ, கல்ரெக்ஸ், ஷெல் ஆகிய கொம்பனிகளின் உடைமைகள் பொறுப்பேற்கப்பட்டன. நட்டஈடு போதாதெனக் காட்டி, 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. சிறிய நாடொன்று தன் திறவுகோலைத் தானே வைத்துக்கொள்ள முனைந்ததற்கு விதிக்கப்பட்ட தண்டனை அது. எனினும் கூட்டுத்தாபனம் தளரவில்லை. 1969-இல் சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

இவ்விடத்தில் கதையை நிறுத்திக்கொண்டால் உடைமையே உய்வு என்று எளிதாக முடித்துவிடலாம். வரலாறு அத்துணை எளிதாக நம்மை விடுவதில்லை. அரசின் உடைமையாகிய தாங்கிகளுள் பெரும்பாலானவை பயன்படுத்தப்படவே இல்லை. மேற்றொகுதித் தாங்கிகளைக் காடு சூழ்ந்தது. குழாய்கள் துருவேறின. பேணுதற்கு ஒதுக்கிய பணமும் இல்லை, பயிற்றிய ஆட்களும் இல்லை, தெளிவான திட்டமும் இல்லை. போர் அவலங்கள் அப்புறக்கணிப்பை மேலும் ஆழமாக்கின. 1987 யூலை 29-ஆம் நாள் கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், தாங்கித் தொகுதியை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைக்கும் என்று எழுதப்பட்டது. 2003-இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையாகிய லங்கா ஐஓசிக்கு 35 ஆண்டுக் குத்தகைக்குத் தாங்கிகளை அளிக்க உடன்பாடு செய்யப்பட்டது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு 100,000 டொலர். வகுத்துப் பார்ப்பின், ஒரு தாங்கிக்கு ஆண்டொன்றுக்கு ஆயிரம் டொலர் சொச்சம்! பேணாது விட்டவன் பேரம் பேசும் வலிமையையும் இழப்பான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2022 சனவரியில் புதிய உடன்பாடு ஏற்பட்டது. 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கும், 24 தாங்கிகள் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 தாங்கிகள் கூட்டு நிறுவனம் ஒன்றுக்கும் எனப் பிரிக்கப்பட்டன. அக்கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதமும் லங்கா ஐஓசிக்கு 49 சதவீதமும் பங்குகள். சில மாதங்களுக்குள் நாடு வங்குரோத்து நிலையை எய்தியது. மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்நாட்களில், குத்தகைக்காரரின் சீரமைக்கப்பட்ட தாங்கிகளிலிருந்து எரிபொருள் வெளிவந்தது. நமக்கே உரிய தாங்கிகளோ காட்டினுள் வெறுமையாக நின்றன. உடைமை இருந்தது, பேணும் திறனும் நிரப்பும் வலுவும் இல்லை.

இதே இரட்டைப் பாடத்தைக் கணினியின் வரலாறும் தருகின்றது. கணினியை வாடகைக்கு எடுப்பது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. ஐபிஎம் கொம்பனி தன் இயந்திரங்களை நெடுங்காலம் விற்க மறுத்து வாடகைக்கே கொடுத்துவந்தது. வாடகைக்கு எடுத்தவர் அக்கொம்பனியின் துளை அட்டைகளையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1936-இல் கண்டித்தது. 1956-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின் பின்னரே இயந்திரங்களை விற்பதற்கும் அக்கொம்பனி இணங்க நேர்ந்தது. இந்தியாவில், அந்நியப் பங்குடைமைக்கு வரம்பிட்ட 1973-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இணங்காது 1978-இல் அது வெளியேறியது. அது விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பேணும் பொறுப்பைக் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்னும் பொதுத்துறை நிறுவனம் ஏற்று நடத்தியது. திறவுகோலோடு திறனையும் கைக்கொண்டால் அந்நியர் வெளியேற்றம் பேரழிவாக வேண்டியதில்லை என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

பின்னர் கணினி சிறிதாயிற்று, மலிவாயிற்று, ஒவ்வொரு அலுவலகமும் சொந்தமாக வாங்கியது. 2006-இல் அமேசன் கொம்பனி சேமிப்பிடத்தையும் கணிக்கும் ஆற்றலையும் பயன்பாட்டுக்கு ஏற்ப வாடகைக்கு விடத் தொடங்கியதும், சக்கரம் மீண்டும் வாடகையின் பக்கம் சுழன்றது.

வாடகைக்கு எடுப்போருக்கு நேரக்கூடியது யாது? 2025 யூலையில் இந்தியாவில் நிகழ்ந்ததை நோக்குக. குசராத்தின் வாடினாரில் பெரும் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ பாதி ருசியாவின் ரொஸ்னெஃப்ட் கொம்பனிக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியம் அந்நிறுவனத்தின் மீது தடை விதித்தது. சில நாட்களுள் மைக்ரோசொஃப்ட் கொம்பனி அதற்கு வழங்கிய மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. இந்திய மண்ணில், இந்தியச் சட்டப்படி இயங்கிய நிறுவனம், பணம் செலுத்திப் பெற்ற சேவைக்காகத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. அதன் பின்னரே சேவை மீண்டது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஆணையொன்று, அமெரிக்கக் கொம்பனியின் கையால், இந்தியாவிலுள்ள அலுவலகத்தின் கடிதப்பெட்டியைப் பூட்டியது.

சொந்தக் களஞ்சியம் உடையோருக்கு நேரக்கூடியது யாது? வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. இலங்கை அரசுக்கே உரிய முகிற் கணிமைச் சேவை 2023 ஓகத்து 26-ஆம் நாள் பணயப் பணம் கோரும் கும்பலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 தொடங்கித் தாக்குதல் நாள் வரையான கடிதங்கள் மீட்க முடியாது அழிந்தன. ஏனெனில் அக்காலப் பகுதிக்குத் தனியான காப்புப் பிரதி இல்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருளும் காலங்கடந்தது; அதனைப் புதுப்பிக்கும் வேலை தள்ளிப்போடப்பட்டிருந்தது. சீனன்குடாவின் துருவேறிய தாங்கி மின் வடிவம் எடுத்து மீண்டும் நம் முன் தோன்றியது போன்றதன்றோ இது?

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் கொடிய விலையைத் தமிழ் மக்கள் நன்கறிவர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக மறைந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியபோது உயிர்களோடு காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் கடலோடு போயின. வீட்டுப் பெட்டியில் இருந்தமையால் மட்டும் அவை பாதுகாப்பாக இருக்கவில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிப் பல்லாயிரம் வாசகரிடம் சேர்த்தமை இவ்விழப்புக்கு ஒரு சமுதாயம் அளித்த தகுந்த விடையாகும்.

ஆகவே சொந்தமா, வாடகையா என்று மட்டும் கேட்பது அரைகுறைக் கேள்வி. துறைமுகத்தை அண்டிய மீனவர் கூட்டுறவுச் சங்கத்தையோ, சிறு தொழிலகத்தையோ கருதுவோம். வாடகைச் சேவையின் கட்டணம் பெரும்பாலும் டொலரில் கணக்கிடப்படுகின்றது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவில் நின்றது. வருமானம் ரூபாயில், கட்டணம் டொலரில் என்றால், சேவையில் ஒரு மாற்றமும் இன்றியே செலவு முக்கால் மடங்கு கூடும். மறுபுறம், அதே ஆண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. சொந்தக் கணினிக்கு மின்கலமும் டீசலும் வேண்டும்; பழுது பார்க்கும் ஊழியருக்குச் சம்பளம் வேண்டும்; ஐந்தாறு ஆண்டுகளில் புதிய இயந்திரம் வேண்டும். விற்பனையாளரின் பட்டியலில் ஒரு பக்கமே தெரியும். இரு பக்கமும் கூட்டிப் பார்ப்பவரே உண்மைச் செலவை அறிவர்.

செலவிலும் முதன்மையானது பணியின் தன்மை. பண்டிகைக் காலத்தில் மட்டும் பெருகிப் பின் வற்றும் வேலைக்கு வாடகை பொருந்தும். ஆண்டு முழுவதும் மாறாது நிகழும் வேலைக்குச் சொந்த இயந்திரம் காலப்போக்கில் மலிவாகும். பொதுவான கடிதப் போக்குவரத்தை வெளியே வைக்கலாம். தொழிலாளரின் சம்பளப் பதிவேடு, சேமலாப நிதிக் கணக்கு, அங்கத்தவரின் கடன் கணக்கு ஆகியவற்றின் முழுப் பிரதி ஒன்று சங்கத்தின் கையிலேயே இருத்தல் வேண்டும். இப்பதிவேடுகள் முதலாளியின் தரவு மாத்திரமல்ல. உழைத்தவன் தன் உரிமையை நிலைநாட்டும் சான்றுகள். கொம்பனி கைமாறினாலும், கட்டணம் தவறினாலும், சேவை நின்றாலும் அச்சான்று அழியலாகாது.

உடன்படிக்கையில் ஒப்பமிடுமுன் கேட்க வேண்டியவையும் உண்டு. நம் தரவை வேண்டியபோது முழுமையாக, வேறு மென்பொருளும் வாசிக்கத்தக்க வடிவில் மீளப் பெறமுடியுமா? எத்தனை நாளில்? எந்நாட்டுச் சட்டம் அதனை ஆளும்? 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்கைக் கூகிள் கொம்பனியின் முகிற் சேவை தவறுதலாக அழித்துவிட்டது. அறுநூறாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தவரின் கணக்குகள் ஒரு வாரமளவில் எட்டாதிருந்தன. வேறொரு நிறுவனத்திடம் காப்புப் பிரதி வைத்திருந்தமையாலும் அந்நிதியம் மீண்டது. உலகின் பெருங் கொம்பனியை நம்பியதனால் மட்டும் அன்று, முற்றாக நம்பாதிருந்தமையாலும்.

தனித்தனியே இவற்றைச் செய்யச் சிறு சங்கங்களுக்கு வலு இராது என்பது மெய். ஒன்றுகூடின் இயலும். இலங்கையில் கூட்டுறவு இயக்கத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்தது 1911-இல். கடனுக்காகவும் பண்டசாலைக்காகவும் ஒன்றுசேர்ந்த மக்கள், பத்துச் சங்கங்களுக்கு ஒரு பொதுக் கணினியும் பயிற்சி பெற்ற ஈர் ஊழியரும் வேறூரில் ஒரு காப்புப் பிரதியும் என்ற ஏற்பாட்டுக்காக ஏன் ஒன்றுசேரலாகாது? அரசினர் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் கற்று வெளிவரும் இளைஞர், பொத்தானை அழுத்தப் பழகியவராக மட்டும் இன்றி, இயந்திரத்தைத் திறந்து பேணவல்லவராகவும் உருவாதல் வேண்டும். அதற்கான பாடத்தை வகுப்பறையில் இடம்பெறச் செய்வது ஆசிரியராகிய நம் கடமை.

சீனன்குடாவின் தாங்கிகளை அமைத்தவர் அந்நியர், மீட்டவர் நம்மவர், பேணாது விட்டவரும் நம்மவரே. திறவுகோலைப் பெறுவதற்குப் போராட்டம் வேண்டும். அதனைத் துருவேறாது வைத்திருப்பதற்கு அன்றாட உழைப்பு வேண்டும். முன்னதைப் பற்றி நம் முற்போக்கு இயக்கம் நிறையப் பேசியுள்ளது. பின்னதைப் பற்றிப் பேச வேண்டிய காலம் இது.