காதுவரை வந்த நாண்

வில்லாளி என்றதும் நம் மனத்தில் எழுவது இடக்கண்ணை இறுக மூடி, வலக்கண்ணால் அம்பின் மேலாகக் குறி பார்க்கும் ஒரு முகம். சினிமாவும் படக்கதைகளும் பழக்கிய முகம் அது. உண்மையில் அது துப்பாக்கிக்காரனின் முகம் என்றே நான் கருதுகிறேன். துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தைப் பதித்தால் குழல் கண்ணுக்கு நேர்கீழே வந்துவிடும். அப்போது மற்றொரு கண் வெறும் தொந்தரவு. வில்லில் கணக்கு வேறு. எத்தனை கண் தேவை என்பதை அங்கே முடிவுசெய்வது கண்ணல்ல, இழுத்த நாண் முகத்தின் எந்த இடத்தில் வந்து நிற்கிறது என்பதே. பழைய போர்வில் மரபுகள் பலவற்றில் அது காதருகே நின்றது. அதை நினைவூட்டுவதுபோல், யோகத்தில் ஒரு காலின் பெருவிரலைப் பிடித்துக் காதுவரை இழுக்கும் ஆசனத்துக்கு ஆகர்ண தனுராசனம் என்று பெயர்; ஆகர்ணம் என்றால் காதுவரை. நாண் அங்கே நின்றால் அம்பின் வால்பக்கம் வலக்கண்ணுக்கும் வெளியே போய்விடுகிறது. அம்பின் மேலாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாதபோது, ஒரு கண்ணை மூடி என்ன லாபம்?

இதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்து. ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் எட்டாம் ஹென்றி மன்னருக்குக் காணிக்கையாக்கிய 'டாக்ஸோஃபிலஸ்' 1545-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் 'மேரி ரோஸ்' போர்க்கப்பல் கடலில் மூழ்கியது. 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட அந்தக் கப்பலிலிருந்து கிடைத்த நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பலவற்றின் இழுவிசை 100 ராத்தலைத் தாண்டியிருக்கும் என்று கணித்தார்கள். அப்படிப்பட்ட வில்லை விரல்பலத்தால் வளைக்க முடியாது; முதுகும் தோளும் சேர்ந்து இழுக்க வேண்டும், கை தானாகவே காதுக்குப் போகும். 24 வயதைக் கடந்தவர் 220 கெஜத்துக்குக் குறைந்த தொலைவில் குறி வைக்கக் கூடாது என்று 1541-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருந்தது. ஆஸ்கமின் அறிவுரை எளிது: கண் எப்போதும் இலக்கின் மேல் இருக்கட்டும், அம்பைப் பார்க்காதே. அம்பைப் பார்க்கும் பழக்கம் ஒழிய அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. இரவில் விளக்குகளை இலக்காக வைத்து எய்யச் சொல்கிறார். இருட்டில் அம்பு தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும். அம்பும் கண்ணும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று நினைக்கும் ஆசான் இப்படிச் சொல்வாரா?

அதே நூலில் ஒரு கண்ணைச் சிமிட்டி மறு கண்ணால் பார்ப்பவர்களும் வருகிறார்களே, அப்படியானால் அன்றும் அந்த வழக்கம் இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் அவர்கள் எந்தப் பட்டியலில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இலக்கைக் கடிக்கப்போவதுபோல் தலையை நீட்டுபவன், விழி பிதுங்க முறைப்பவன் ஆகியோரோடு சேர்த்து, கோமாளித்தனமான குறைகளில் ஒன்றாகத்தான் ஆஸ்கம் அதை வைக்கிறார்.

இரு கண்ணும் திறந்திருந்தால் முறையாகக் குறி வைக்க முடியாது, எல்லாம் உத்தேசம்தான் என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஜப்பானியரின் வில்கலையான கியூதோ இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அங்கே நாணை இழுக்கும் கை காதையும் கடந்து பின்னே போகிறது. கண்கள் இரண்டும் திறந்தே இருக்கும். இலக்கோ 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் வட்டம். தூரத்து இலக்கில் பார்வை நிலைக்கும்போது கைக்கு அருகிலுள்ள வில்தண்டு இரண்டாகத் தெரியும். அதில் ஒரு பிம்பத்தை இலக்கோடு பொருத்திப் பார்ப்பதே அவர்களின் முறை. இலக்கு முழுவதும் தண்டின் இடப்புறம் தெரிந்தால் 'அரியாகே', அதாவது விடியல் நிலா. பாதி மறைந்தால் அரைநிலா, முழுக்க மறைந்தால் இருள். உத்தேசத்துக்கு யாரும் இவ்வளவு நுணுக்கமாகப் பெயர் வைப்பதில்லை. கியோட்டோவின் சன்ஜூசன்கென்தோ கோயில் தாழ்வாரத்தில் 1686-இல் வாசா தைஹாச்சிரோ என்ற வில்லாளி ஒரு நாளில் 13,053 அம்புகள் எய்து, 8,133-ஐச் சுமார் 120 மீட்டர் தாழ்வாரத்தின் மறுமுனைவரை சேர்த்ததும் இந்த மரபில்தான்.

ஒற்றைக் கண்ணுக்கு ஆட்சி வந்தது போர் ஓய்ந்து விளையாட்டு தொடங்கிய பிறகு. 1844-இல் யார்க் நகரில் இங்கிலாந்தின் தேசியப் போட்டி தொடங்கியது. 100, 80, 60 கெஜம் என்று தூரங்கள் நிலைத்தன, விற்கள் இலகுவாயின. 1849 முதல் தொடர்ந்து 11 முறையும் பின்னர் 1867-இல் ஒரு முறையும் பட்டம் வென்ற ஹொரேஸ் ஃபோர்ட், 1856-இல் வெளியிட்ட நூலில் காதுவரை இழுப்பதை நிராகரித்தார். அம்பு முழுநீளமும் குறி பார்க்கும் கண்ணுக்கு நேர்கீழே இருக்க வேண்டும் என்றார். அந்தக் 'கண்' ஒருமை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த ஆண்டே, அந்த மூன்று தூரங்களிலும் எய்யும் யார்க் சுற்றை இரு முறை எய்யும் இரட்டை யார்க் சுற்றின் 288 அம்புகளில் 1,251 புள்ளி எடுத்துத் தன் வாதத்துக்கு வலுவும் சேர்த்தார். நாண் காதைவிட்டு முகத்தின் முன்பக்கம் இறங்கிய பிறகே இரண்டாம் கண் இடைஞ்சலாயிற்று.

ஒரு கண் மற்றதை ஆள்வது ஃபோர்டின் காலத்துக்கு வெகுமுன்பே தெரிந்திருந்தது என்பது உண்மை. இத்தாலிய அறிஞர் ஜியாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1593-இல் ஒரு கோலை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும் சோதனையை எழுதிவிட்டார். ஆனால் அது ஒளியியல் நூலில் இருந்தது, வில் பயிற்றுவோரின் ஏட்டில் அல்ல. துரோணரின் சோதனையையும் சிலர் துணைக்கு அழைப்பதுண்டு. பறவையின் தலை மட்டும் தெரிகிறது என்று அர்ச்சுனன் சொன்னது கவனத்தைப் பற்றிய பேச்சு; கண்ணை மூடிய செய்தி அதில் இல்லை. மறுதரப்பிலும் மிகை உண்டு. இரு கண்ணால் தூரம் துல்லியமாகத் தெரியும் என்று திறந்த கண்ணின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். கண்களுக்கு இடையே ஆறேழு சென்டிமீட்டர்தான். 200 மீட்டருக்கு அப்பால் அந்த உதவி அற்பம். புதருக்குள் ஓடும் மானைத் தொடரும் வேட்டைக்காரனுக்கு வேண்டுமானால் அது பயன்படும்.

இன்றைய ஒலிம்பிக் ரீகர்வ் வில்லில் நாண் மூக்கையும் தாடையையும் தொட்டு நிற்கிறது. வில்லில் குறி பார்க்கும் சைட் பொருத்தியிருக்கிறது. காம்பவுண்ட் வில்லின் நாணிலோ எட்டிப் பார்க்க ஒரு சிறு துளையே உண்டு. இரண்டும் ஃபோர்டின் வாரிசுகள்தாம். ஆயினும் பலர் கண்ணை மூடுவதில்லை. மூடினால் முகத்தசை இறுகும், மறு கண்ணும் சுருங்கும். அதனால் வேண்டாத கண்ணுக்கு முன்னால் தொப்பியிலோ கண்ணாடியிலோ சிறு மறைப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு, இரண்டு கண்ணையும் திறந்துவைத்து எய்கிறார்கள்.