வில்லை இல்லாமல் சூரியனைப் படம்பிடித்த கதை



விம்பம் பற்றிப் படிப்பிக்கும்போது நாம் முதலில் கையில் எடுப்பது வில்லையையும் ஆடியையும்தான். ஆனால் சூரிய சுவாலையிலிருந்து வரும் வன் எக்ஸ் கதிர்களுக்கு இவை இரண்டும் உதவாது. சாதாரண வில்லை அவற்றைக் குவிக்காது, சாதாரண ஆடி தெறிக்க வைக்காது. அப்படியென்றால் எப்படிப் படம் எடுப்பது?

1958 மார்ச் 20. பீற்றர்சன், விங்க்லர் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் கியூபாவிலிருந்து ஒரு பலூனை அனுப்பியிருந்தார்கள். சூரியனில் சுவாலையொன்று எழுந்த நேரம் அதிலிருந்த கருவி திடீரெனக் கதிர்வீச்சைப் பதிந்தது. அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. இக்கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால், 1962 முதல் செய்மதிகள் இந்த வேலைக்குப் போயின. ஆரம்பக் கருவிகள் எவ்வளவு கதிர் வருகிறது என்று எண்ணின. சுவாலையின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லவில்லை.

இடம் ஏன் முக்கியம்? வேகமெடுத்த இலத்திரன்கள் அடர்ந்த வாயுவில் மோதும்போதே இக்கதிர் பிறக்கிறது. ஆகவே அது காந்த வளைவின் இரு அடிகளிலும் தெரியவேண்டும். ஆனால் 1992 ஜனவரி 13 இல் ஜப்பானின் யோகோ செய்மதி பதிந்த சுவாலையை ஆராய்ந்த மசுதா, வளைவின் உச்சிக்கும் மேலே இன்னொரு மூலத்தைக் கண்டார். சக்தி வெளிவரும் இடம் வளைவுக்கு மேலே என்பதற்கு அது பெரிய சான்றானது.

அடுத்தது நாசாவின் ரெசி. 2000 மார்ச்சில், ஏவுவதற்கு முந்திய அதிர்வுச் சோதனையில் அளவுக்கு மிஞ்சி உலுக்கப்பட்டு உடைந்தது. திருத்தி, 2002 பெப்ரவரி 5 இல் அனுப்பினார்கள். அதில் ஒன்பது சோடி உலோகக் கம்பித்தட்டிகள், அவற்றின் பின்னால் மிகவும் குளிரூட்டப்பட்ட ஒன்பது ஜேர்மானியம் உணரிகள். செய்மதி ஏறத்தாழ நாலு செக்கனுக்கு ஒரு தடவை சுழலும். தட்டிகளின் நிழல் விழுந்து விலக, கதிரின் எண்ணிக்கை கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கணினி படத்தைக் கட்டியெழுப்பும். 2018 வரை உழைத்த அது, 2023 ஏப்ரலில் வளிமண்டலத்தில் விழுந்தது.

நிழலால் படம்! கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் பிறைவடிவச் சூரிய விம்பத்தை ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆராய்ந்து எழுதினார் இப்னுல் ஹைதம். "எல்லாம் எங்கட ஆட்கள் கண்டுபிடித்தது" என்று சொல்ல இதை எழுதவில்லை. உடைந்ததைத் திருத்தி, எண்ணி, சரிபார்த்த அந்தப் பொறுமைதான் அவர் விட்டுப்போன சொத்து. அதை யார் எடுத்தாலும் அது அவர்களுக்குச் சொந்தம். நம் பிள்ளைகளும் எடுக்கட்டும்.