வளைந்து காத்த எஃகு: மாரிசன் காப்பகமும் வெடிப்பைத் தாங்கும் கட்டமைப்பும்

இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை, ஜெர்மானிய விமானங்கள் பிரித்தானிய நகரங்கள்மீது தொடர்ந்து குண்டுவீசின. மண்ணில் புதைக்கப்பட்ட ஆண்டர்சன் காப்பகம் தோட்டமுள்ள வீடுகளுக்கே பயன்பட்டது. ஈரமும் குளிரும் மிகுந்ததால் மக்கள் பலர் அதனைத் தவிர்த்து வீட்டினுள்ளேயே உறங்கினர். இடிந்து விழும் வீடே அவர்களுக்குப் பெரும் ஆபத்தாயிற்று.

எஃகு தன் மீள்தன்மை எல்லையைத் தாண்டலாகாது என்பதே அக்காலக் கட்டமைப்பியலின் பொது நெறி. ஆயின் மென்னெஃகு அவ்வெல்லையைக் கடந்தவுடன் முறிவதில்லை. வளைந்தவாறே பேரளவு ஆற்றலை உள்வாங்குகிறது. இப்பண்பை ஆராய்ந்துவந்த பொறியியல் பேராசிரியர் ஜான் பேக்கர், சரியும் மேல்தளத்தின் ஆற்றலை எஃகின் வளைவிலேயே செலவிடச் செய்யும் காப்பகத்தை வடிவமைத்தார்.

1941 மார்ச்சில் அறிமுகமான அது, உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசனின் பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 6.5 அடி நீளமும் 4 அடி அகலமும் 2.5 அடி உயரமும் கொண்ட அவ்வெஃகுக் கூண்டு பகலில் மேசை, இரவில் படுக்கை. கடுஞ்சேதமுற்ற 44 வீடுகளை ஆய்ந்தபோது, இக்காப்பகங்களில் இருந்த 136 பேரில் மூவரே இறந்திருந்தனர். அவர்கள் குண்டு நேரடியாகத் தாக்கிய வீட்டினர்.

காப்பகம் உருக்குலையலாம், உள்ளிருப்போர் பிழைக்க வேண்டும் என்பதே பேக்கரின் அளவுகோல். வெடிப்பைத் தாங்கும் கட்டடங்களில் முறியாது வளையும் திறனை இன்றும் பொறியாளர்கள் நாடுவது இதன் தொடர்ச்சியே.